சின்ன அறையில் புதிய ஓவியர்கள்: மட்டக்களப்பில் படம் மாட்டி என்ன பயன்?

கேள்வி (கல்லடி வாசகர், 2024 பெப்ரவரி 4)

டீச்சர், நேரடியாகவே கேட்கிறேன், குறை நினைக்காதீர்கள். நீங்கள் வைத்த இளம் ஓவியர் கண்காட்சிக்கு வந்தேன். நல்ல பிள்ளைகள், நல்ல வேலை. ஆனால் திறப்பு விழாவுக்கு வந்த கூட்டத்தை மறுநாள் காணவில்லை. ஒன்றும் விலைபோனதாகவும் தெரியவில்லை. மருந்துக்கடைக்கு மேல்மாடியில் ஒரு அறையில் இதையெல்லாம் மாட்டி என்ன பயன்? கொழும்புக்குக் கொண்டுபோனால் வாங்க ஆள் இருக்கு, எழுத ஆள் இருக்கு. இந்தப் பிள்ளைகளின் காலத்தை நாங்கள் வீணாக்குகிறோமா?

2024 பெப்ரவரி 5

தம்பி, கொழும்புக்குப் போகவேண்டாம் என்று யார் சொன்னது? போகத்தான் வேண்டும். எங்கட ஊர் ஓவியர்கள் நிர்மலவாசனுடைய, புஷ்பகாந்தனுடைய வேலைகளைக் கொழும்பிலும் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அதில் எனக்குப் பெருமை.

ஆனால் முதல் கண்காட்சியை எங்கே வைப்பது என்பது வேறு கேள்வி. கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. வருடா வருடம் பிள்ளைகள் ஓவியம், சிற்பம் படித்து வெளியே வருகிறார்கள். படிக்கும்போது சுவர் இருந்தது, பார்க்க ஆசிரியர் இருந்தார், கூட நின்று சண்டை பிடிக்க நண்பர்கள் இருந்தார்கள். பட்டம் கிடைத்த அடுத்த மாதமே மூன்றும் இல்லை. வீட்டில் வரைந்ததைக் கட்டிலுக்கு அடியில் வைக்கிறார்கள். பிறகு ஆசிரியர் நியமனம் வரும் என்று காத்திருப்பு. என்னிடம் சித்திரம் படித்தவர்களில் கெட்டிக்காரர் சிலர் அப்படியே வரைவதை விட்டுவிட்டார்கள். அவர்களை நினைத்துத்தான் இந்த அறை.

2024 பெப்ரவரி 5, இரவு

ஒன்று விட்டுப்போயிற்று. விலைபோகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு அச்சுப் படங்கள் போயிருக்கின்றன, லினோ வெட்டி எடுத்தவை. விற்றதற்கு அடையாளமாகச் சிவப்புப் பொட்டு ஒட்டும் வழக்கம் எங்களிடம் இல்லாததால் உங்களுக்குத் தெரியவில்லை. இனி ஒட்டச் சொல்கிறேன்.

2024 பெப்ரவரி 11

என்ன பயன் என்று கேட்டதற்குச் சரியான பதில் நேற்றுத்தான் நடந்தது. விரிவாக எழுதுகிறேன்.

மருதமுனைப் பிள்ளை ஒருத்தியின் வேலையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உள்ளே போனதும் இடதுபக்கச் சுவர். உம்மாவின் தறியில் நெய்த சாரன் துணி, ஒரு ஆள் உயரம். மேலும் கீழும் நல்ல நெசவு, நீலமும் கபிலமும் கட்டம் போட்டது. நடுவில் ஒன்றரை முழத்துக்கு குறுக்கே ஓடும் ஊடை நூலை ஒவ்வொன்றாக உருவி எடுத்துவிட்டாள். நெடுக்கே ஓடும் பாவு நூல் மட்டும் தலைமயிர் போலத் தொங்கும். மருதமுனையில் நின்றுபோன தறிகளைப் பற்றிய வேலை. எங்கள் எல்லோருக்கும் பிடித்திருந்தது. திறப்பு விழாவில் பேசியவர்களும் அதைத்தான் புகழ்ந்தார்கள்.

நேற்றுப் பின்னேரம் மருதமுனையிலிருந்து வயதான நெசவாளர் ஒருவர் வந்தார். மகனோடு டவுனுக்கு மருந்து வாங்க வந்தவர், கீழே கடையில் மகன் வரிசையில் நிற்க, படியேறி மேலே வந்துவிட்டார். வந்தவர் வேறொன்றையும் பார்க்கவில்லை. அந்தத் துணிக்கு நேரே போனார். தொடவேண்டாம் என்று எழுதி வைத்திருக்கிறோம், அதை அவர் கவனிக்கவே இல்லை. துணியின் கரையை விரலால் பிடித்துப் புறம் திருப்பிப் பார்த்தார். பாவு நூலில் நாலைந்தைச் சேர்த்துப் பிடித்து மெல்ல இழுத்து விட்டார். பிள்ளை பக்கத்தில்தான் நின்றாள்.

"மகள், இது தறியிலிருந்து இறக்கினதுக்குப் பிறகு உருவினது என்ன?"

ஓம் என்றாள்.

"அதுதான் பாவு தளர்ந்து கிடக்கு. தறி நிண்டா பாவு தளராது மகள். இழுத்துப் பிடிச்சபடிதான் நிக்கும். எங்கட வீட்டுத் தறி நிண்டு எத்தின வருசம், இண்டைக்கும் கை வச்சா விண் விண் எண்டும்."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு சாயம் எங்கே வாங்கினது, எத்தனையாம் நம்பர் நூல் என்றெல்லாம் விசாரித்துவிட்டு இறங்கிப் போனார். பிள்ளை கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, துணியைக் கழற்ற என்னிடம் ஸ்க்ரூ ட்ரைவர் இருக்கா என்று கேட்டாள்.

கொழும்பில் இந்த வேலையைப் பார்த்து நல்லதாக எழுதக்கூடியவர்கள் இருக்கிறார்கள். பாவு ஏன் தளர்ந்து கிடக்கு என்று கேட்க அங்கே யார் இருக்கிறார்?

2024 பெப்ரவரி 13

ஏறாவூரிலிருந்து ஒருவர் கேட்கிறார்: பார்க்க வருகிறவர் சொல்வதற்கெல்லாம் கலைஞர் மாற்றலாமா, அப்படியானால் அது யாருடைய வேலை?

நல்ல கேள்வி, எனக்கும் இதில் ஒரு யோசனை இருக்கிறது. அந்த நெசவாளர் வடிவாக இல்லை என்றோ, எனக்கு விளங்கவில்லை என்றோ சொல்லியிருந்தால், கேட்டுவிட்டு விட்டுவிடலாம். அவர் சொன்னது அந்தப் பொருளின் உண்மை. வேலை எதைப் பற்றியதோ அதைப் பற்றி அவளைவிட அவருக்குக் கூடத் தெரியும். அதை எடுப்பதா விடுவதா என்பது அவளுடைய முடிவு. தளர்ந்த பாவே சரி என்று அவள் சொல்லியிருந்தாலும் நான் மறுத்திருக்கமாட்டேன். தெரிந்துகொண்டு தளரவிடுவது ஒன்று, தெரியாமல் விடுவது இன்னொன்று.

2024 பெப்ரவரி 18

கல்லடித் தம்பி மறுபடி எழுதியிருக்கிறார்: "கதை நல்லாருக்கு டீச்சர். ஆனால் அந்த ஐயா ஒரு துணியும் வாங்கவில்லையே."

சரி, காசைப் பற்றிக் கதைப்போம். இதை மூடி மூடி வைப்பதால்தான் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள்.

வணிகக் காட்சிக்கூடங்கள் விற்ற தொகையில் 40 முதல் 50 வீதம் வரை எடுப்பது உலகம் முழுக்க உள்ள வழமை. அது அநியாயம் இல்லை. வாடகை, மின்சாரம், வாங்குபவர்களைத் தேடிப் பிடிப்பது எல்லாம் அதற்குள் இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கு தெரியாமல் விலை போடுகிற பிள்ளை என்ன செய்கிறது? 20,000 ரூபாவுக்குச் சாமான் வாங்கி, ஒரு மாதம் வேலை செய்து, 30,000 என்று எழுதுகிறது. பாதி போனால் கையில் 15,000. சாமான் காசுகூடத் திரும்பாது.

சாமான் விலை இப்போது விளையாட்டு இல்லை. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில வாரங்களில் 360 வரை போனதே, அப்போது அக்ரிலிக்கும் கன்வஸும் எட்டாத இடத்துக்குப் போயின. பிறகு ரூபா கொஞ்சம் ஏறியும் பழைய விலைக்கு எதுவும் வரவில்லை. நான் பார்த்த அளவில் சாக்கு, சாரன், பன்பாய், பழைய எக்ஸ்ரே தாள் என்று கைக்குக் கிடைத்ததில் பிள்ளைகள் வேலை செய்யத் தொடங்கினது அந்த வருடத்தோடுதான் கூடினது. முதலில் அது கஷ்டத்தில் வந்தது. இப்போது சிலருக்கு அதுவே கை, அதாவது சொந்தப் பாணி.

2024 பெப்ரவரி 19

பலர் கேட்டதால்: விற்ற தொகையில் எங்கள் அறை எடுக்கும் பங்கு 20 வீதம். பிரேம் செலவு ஓவியருடையது. விலைப்பட்டியல் வாசலிலேயே இருக்கும், யாரிடமும் கேட்கத் தேவையில்லை. விலையைக் கேட்கக் கூச்சப்பட்டுத் திரும்பிப் போகிறவர்கள் எங்கள் ஊரில் கனபேர்.

2024 மார்ச் 2

இதை ஓவியர்களுக்காக எழுதுகிறேன், மற்றவர்கள் தாண்டிப் போகலாம்.

மாரி முடிந்து படங்களை எடுத்துப் பார்த்தபோது ஒரு பிள்ளையின் கரிக்கோட்டுச் சித்திரத்தில் கண்ணாடிக்கு உள்பக்கம் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம். அழுகை வந்துவிட்டது அவனுக்கு. எங்கள் ஊர் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி. ஐப்பசியிலிருந்து தை வரை சுவரில் கை வைத்தால் ஈரம். காற்றின் ஈரப்பதம் 65, 70 வீதத்தைத் தாண்டி நின்றாலே பூஞ்சணம் பிடிக்கும். எங்களுக்கு அது சாதாரண நாள்.

குளிரூட்டி பூட்ட எங்களிடம் காசில்லை. ஆனால் செய்யக்கூடியவை இருக்கின்றன. தாள் கண்ணாடியில் முட்டவே கூடாது. நடுவில் மவுண்ட் (படத்தைச் சுற்றி வைக்கிற தடித்த அட்டை) போடுங்கள், அல்லது பிரேமின் ஓரத்தில் மெல்லிய மரச்சட்டம் வைத்து இடைவெளி விடுங்கள். ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது படம் கண்ணாடியோடு வரும். பின்னுக்கு ஹாட்வெயார் கடை ஹாட்போட்டை நேரே தாளில் படும்படி வைக்காதீர்கள். அதில் உள்ள அமிலம் சில வருடத்தில் தாளை மஞ்சளாக்கும். இடையில் அமிலம் இல்லாத தாள் ஒன்று வைத்தால் போதும், அது கொழும்பில் கிடைக்கும், நாலுபேர் சேர்ந்து வாங்கலாம். செலோடேப் வேண்டவே வேண்டாம்.

பிரேமின் கீழ் மூலை இரண்டிலும் பின்பக்கம் சின்ன தக்கைத் துண்டு ஒட்டுங்கள். போத்தல் மூடித் தக்கையை வெட்டினாலே காணும். சுவருக்கும் படத்துக்கும் நடுவில் காற்று ஓடும். கடற்கரைப் பக்கச் சுவரில் தாள் வேலையை மாட்டாதீர்கள்.

மாட்டும் உயரம்: படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 150 சென்டிமீற்றரில் வரட்டும். சாமிப்படம் மாட்டுகிற உயரத்தில் மாட்டிவிட்டு எல்லோரையும் அண்ணாந்து பார்க்க வைக்காதீர்கள். தாள் வேலைக்கு 50 லக்ஸ் வெளிச்சம் போதும் என்பது அருங்காட்சியகங்களின் கணக்கு. எங்கள் அறைக்கு யன்னல் வெயிலே அதைவிடப் பல மடங்கு. அதனால் திரை போட்டோம். திரை போட்ட பிறகுதான் கண்ணாடியில் எங்கள் முகம் தெரியாமல் படம் தெரிந்தது.

2024 மார்ச் 3

போத்தல் தக்கைக்கு எங்கே போவது என்று கேட்ட வாழைச்சேனைத் தங்கச்சிக்கு: பழைய ரப்பர் செருப்பை வெட்டி ஒட்டு. அதைவிடத் திறம்.

2024 மார்ச் 16

காத்தான்குடிக் காக்கா (அண்ணன்) ஒருவர் எழுதினார்: நோன்பு மாதத்தில் பின்னேரம் யாரும் வரமாட்டார்கள், தராவீஹ் இரவுத் தொழுகைக்குப் பிறகு திறந்து வைக்கலாமே என்று. எனக்கு இது தோன்றவே இல்லை. இனி நோன்பு முடியும் வரை வெள்ளி, சனி இரவு பத்தரை வரை திறந்திருக்கும். படியில் லைட் போட்டாயிற்று. நன்றி காக்கா.

2024 மார்ச் 24

இரவுத் திறப்பு நல்லாப் போகுது. குடும்பமாக வருகிறார்கள், பிள்ளைகள் ஓடித்திரிகிறார்கள். பகலில் வருகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். இரவில் வருகிறவர்கள் இருந்து கதைக்கிறார்கள். கதிரை கூட வேண்டும்.

ஒரு பிள்ளை பார்சல் பெட்டிகளை வரைந்திருக்கிறாள், அவளுடைய அம்மா குவைத்திலிருந்து அனுப்பியவை. பெரிய பெட்டிகள், டேப் சுற்றி, மார்க்கரில் பெயர் எழுதி. பெட்டி திறந்த மாதிரி ஒன்றுகூட இல்லை. அதற்கு முன்னால் நின்ற ஒரு பெண் தன் தங்கச்சிக்குச் சொன்னா: "நான் அனுப்பின பெட்டி ரெண்டு மாசம் கழிச்சுத்தான் போய்ச் சேர்ந்தது. சின்னவனுக்கு எடுத்த உடுப்பு அளவில்லாமப் போயிற்று." ஓவியப் பிள்ளை அதைக் கேட்டு, அனுமதி வாங்கி, கொப்பியில் எழுதிக்கொண்டாள். அடுத்த வேலை அங்கிருந்து வரும் என்று நினைக்கிறேன்.

2024 மார்ச் 31

கல்லடித் தம்பி கேட்கிறார், கொழும்பில் இருந்து யாராவது வந்து பார்த்தார்களா என்று.

வந்தார்கள். ஒருவர் நல்ல மனதோடுதான் வந்தார், அறையைச் சுற்றிப் பார்த்தார், பிறகு "யுத்தத்தைப் பற்றி ஒன்றும் இல்லையா?" என்று கேட்டார்.

இது எனக்குக் கோபம் வருகிற இடம். யுத்தம் எங்கள் வீடுகளில் இருக்கிறது. காணாமல் போனவர்களைப் பற்றி வரைகிற பிள்ளைகளும் எங்களிடம் உண்டு, அதை வரையவேண்டியவர்கள் வரையத்தான் வேண்டும். ஓவியர் கமலா வாசுகி போன்றவர்கள் பல வருடமாக மட்டக்களப்பில் இருந்துகொண்டு பெண்களின் துயரையும் துணிவையும் வரைந்த வழி எங்களுக்கு முன்னால் கிடக்கிறது. ஆனால் 2009 இல் எட்டு வயதாக இருந்த பிள்ளைக்கு இன்றைக்கு இருப்பது மைக்ரோ பைனான்ஸ் கடன், குவைத்துக்குப் போன அம்மா, வயலுக்குள் வருகிற யானை, ஆற்றில் அள்ளுகிற மண். கிழக்கென்றால் காயம் மட்டும்தான் என்று கேட்பவருக்காக அவர்கள் வரைந்து கொடுக்கத் தொடங்கினால் கை கெட்டுப்போகும். வேறொருவருடைய எதிர்பார்ப்புக்கு முன்னால் ஒரு பிள்ளைக்குத் தன்னுடைய கை எது என்று தெரிந்திருக்க வேண்டும். சொந்த ஊரில் முதலில் காட்டினால் அது தெரிய வாய்ப்புக் கூட.

2024 ஏப்ரல் 1

நேற்று எழுதியதை மறுபடி வாசித்தேன். அந்த மனிதர்மேல் பாரம் கூடப் போட்டுவிட்டேனோ என்று ஒரு நினைப்பு. அவர் கேட்டது, அதுவரைக்கும் கொழும்பில் அவருக்குக் காட்டப்பட்டதை வைத்து. அதற்கு மருந்து, அவரை இன்னும் நாலு தரம் இங்கே வரவைப்பது. உதயதேவி ரயிலில் ஏறினால் ஒரு பகல் பயணம்.

2024 ஏப்ரல் 20

சின்ன அறை, ஆள் இல்லாத ஊர் என்று சொல்கிறவர்களுக்கு இரண்டு விஷயம்.

இலங்கையின் நவீன ஓவியர்கள் சேர்ந்த '43 குழு' 1943 இல் ஆரம்பித்தது புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட்டின் வீட்டில். அந்தக் குழுவில் இருந்தவர்கள்தான் ஜோர்ஜ் கீற், இவான் பீரிஸ், ஜஸ்டின் தரணியகல எல்லோரும். வென்ட் அடுத்த வருடமே இறந்துபோனார், அவர் பெயரில் இன்று கொழும்பில் ஒரு கலை நிலையமே இருக்கிறது. தொடக்கம் ஒரு வீடு.

மற்றது 2004. சமாதான காலத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 'அகம் புறம்' என்று ஒரு கண்காட்சி. அதில் ஓவியர் சனாதனன், யாழ்ப்பாண வீடுகளில் இருந்து சனங்களின் பொருட்களைச் சேர்த்து ஒரு வேலை செய்தார். எரிந்த நூலகம், திருத்திக் கட்டிய கட்டடம், அதற்குள்ளே ஊரவர்களின் சாமான். அதே வேலையை வேறு நகரத்தில் வைத்தால் வேலை அதுதான், ஆனால் பார்க்கிறவர் தன் பக்கத்து வீட்டுச் சாமானைத் தேடமாட்டார்.

2024 ஏப்ரல் 27

கல்முனையிலிருந்து ஒருவர்: கூத்துக்கு வெளியில் ஆடுகிற களரி இருக்கு, ஊரே வந்து விடிய விடியப் பார்க்குது. ஓவியத்தை ஏன் பூட்டின அறைக்குள் வைக்கிறீர்கள்?

இந்தக் கேள்வி என்னைக் கனநேரம் பிடித்து வைத்தது. களரியில் பார்க்கிறவருக்குக் கூத்துப் பழக்கிய அண்ணாவியாரைத் தெரியும், ஆடுகிறவன் யார் மகன் என்று தெரியும், எந்த இடத்தில் தாளம் பிசகினது என்றும் தெரியும். அதனால்தான் அங்கே வாயடைத்து யாரும் இருப்பதில்லை. ஓவியத்துக்கு எங்களிடம் அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை. கொழும்பில் 1993 இலிருந்து நடக்கிற 'கலா பொல' ஓவியச் சந்தை தெருவோரத்தில்தான் நடக்கிறது, ஓவியர் படத்துக்குப் பக்கத்திலேயே இருப்பார், யாரும் போய்க் கேட்கலாம். அப்படி ஒன்றைக் காந்திப் பூங்காப் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்துபார்க்க எனக்கும் ஆசை. ஆனால் அறை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். தெருவில் ஒரு நாள். அந்த நெசவாளர் வந்தது திறப்பு விழா முடிந்து ஒரு வாரத்துக்குப் பிறகு. வேலை அங்கேயே மாட்டியிருந்ததால்தான் அவர் கண்ணில் பட்டது.

அதனால் ஒன்றை முடிவாக்குவோம். மூன்று நாளில் இறக்குகிற கண்காட்சி எங்களுக்கு வேண்டாம். எவ்வளவு சின்னதானாலும் ஒரு மாதம்.

2024 ஏப்ரல் 28

விபரத் தாள்களைத் தமிழில் எழுதச் சொன்னால் சில பிள்ளைகள் ஆங்கிலத்தில்தான் எழுதிக்கொண்டு வருகிறார்கள். கொழும்பில் 2019 டிசம்பரில் திறந்த நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகத்தில் மூன்று மொழியிலும் எழுதி வைக்கிறார்கள். மட்டக்களப்பில் எழுதாவிட்டால் எப்படி? நாலு வரி போதும். உங்கள் பெரியம்மாவுக்குச் சொல்கிற மாதிரி எழுதுங்கள்.

2024 மே 12

ஒரு எச்சரிக்கை. எங்கள் பிள்ளை ஒருவனின் வாவி ஓவியத்தை ஒரு வியாபார நிறுவனம் கேட்காமலே கலண்டரில் அடித்திருக்கிறது. போய்க் கேட்டால், படத்தை நாங்கள் காசு கொடுத்துத்தானே வாங்கினோம் என்கிறார்கள்.

வாங்கினது படம். அதைப் பிரதி எடுக்கும் உரிமை வாங்கப்படவில்லை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை வரைந்தவருக்குத்தான், அவருடைய காலத்துக்குப் பிறகும் 70 வருடம் இருக்கும். எழுத்தில் கொடுத்தால் ஒழியப் போகாது. இனி எங்கள் பற்றுச்சீட்டின் கீழே இதைத் தமிழில் ஒரு வரியாக அச்சடிக்கிறோம். வீட்டில் வைத்து விற்கிறவர்களும் அப்படியே எழுதிக் கொடுங்கள்.

2024 ஜூன் 1

கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கு தொடங்கிவிட்டது, கடைசிக் குளிர்த்திச் சடங்கு முடியும் வரை அறைக்கு யார் வரப்போகிறார்கள்? நானும் போகிறேன். இரண்டு வாரம் பூட்டு.

2024 ஜூன் 19

மருதமுனைப் பிள்ளையின் துணி திரும்பி வந்திருக்கிறது. புதிதாக நெய்த துணி. இந்தமுறை தறியில் இருக்கும்போதே ஊடையை நிறுத்தி, பாவைத் தறிச்சட்டத்தோடு சேர்த்து இழுத்துக் கட்டி, மரத்தோடு கொண்டுவந்தாள். இரண்டு பேர் சேர்ந்துதான் படியில் ஏற்றினோம். இதற்கு மட்டும் தொடலாம் என்று எழுதி வைத்திருக்கிறாள். இது ஓகஸ்டில் கொழும்புக்குப் போகிறது, அங்கே ஒரு கூட்டுக் கண்காட்சியில் எடுத்திருக்கிறார்கள். விலை அவளே போட்டாள், பங்கு, லொறிக்கூலி எல்லாம் கணக்குப் பார்த்து. கல்லடித் தம்பி, கொழும்பு பற்றி உங்களுக்கும் எனக்கும் இப்போது சண்டை இல்லைதானே? அனுப்புவதற்கு முன் மருதமுனைக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறோம், அந்த ஐயா வந்து பார்க்கட்டும் என்று.

2024 ஜூன் 23

கல்லடித் தம்பி தன் தங்கச்சியும் வரைகிறவள், என்ன கொண்டுவரவேண்டும் என்று கேட்டிருக்கிறார். செப்டெம்பருக்கு அறையில் ஒரு சுவர் இன்னும் இருக்கிறது. முடிந்த வேலை மூன்றோ நாலோ, அவை வரமுன் போட்ட கொப்பிப் படங்கள், ஒவ்வொன்றின் அளவும் எதில் செய்தது என்பதும், தமிழில் நாலு வரி. பிரேம் போட்டுக்கொண்டு வரவேண்டாம், அதை இங்கே வைத்துத் தீர்மானிக்கலாம். சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு நான் அறையில்தான். மழை என்றால் சுருட்டி, பொலித்தீன் போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள்.